முதல் கையெழுத்து

காலை ஐந்தேகாலுக்கே கறுப்பையா கொதிகலனுக்குள் விறகு தள்ளத் தொடங்கிவிடுவார். ஈரமான றப்பர் விறகு. முதல் அரை மணித்தியாலம் நெருப்பைவிடப் புகைதான் அதிகம். அந்தப் புகை தகரக் கூரையை விட்டு எழும்ப முடியாமல் ஆற்றுப் பனியோடு கலந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது ஞானேஸ்வரி உள்ளே வந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முதல் மூட்டையை அவிழ்ப்பாள்.

கெலிஓயாவில் பிரதான வீதியை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். கண்டி நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் லொறியில் ஏறி இங்கேதான் வரும். கறி சிந்தியது, வைன் சிந்தியது, வாந்தி எடுத்தது எல்லாம் வரும். குளோரின் விரல் இடுக்குகளைத் தின்னும். நனைந்த விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்தெடுக்கும்போது தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருக்கும். அதன் பிறகு உருளை. நீராவியில் கொதிக்கும் இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே விரிப்பை ஒருத்தி கொடுக்க வேண்டும். மறுபக்கம் மடிப்பு விழாமல் மற்றவள் வாங்க வேண்டும். நஸ்லியா கொடுப்பாள். ஞானேஸ்வரி வாங்குவாள். ஆறு வருடமாக அப்படித்தான்.

முன்பு பதின்மூன்று பேர் இருந்தார்கள். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் ஹோட்டல்கள் வெறிச்சோடின. முதலாளி சேதுராமன் எட்டுப் பேரை நிறுத்தினார். பிறகு வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். துணி பழைய அளவுக்கே வந்தது. நிறுத்தப்பட்டவர்கள் மட்டும் திரும்பவில்லை. பதின்மூன்று பேர் வேலையை ஐந்து பேர் செய்தார்கள். உருளையில் ஞானேஸ்வரியும் நஸ்லியாவும், மடிக்கும் மேசையில் கலாராணி, கழுவும் மெஷினில் பொடிமெனிக்கே, கொதிகலனில் கறுப்பையா. மேலே நின்று விரட்ட இளங்கோ என்றொரு மேற்பார்வையாளன்.

அந்த வரிசை வருடம் இன்னொன்றையும் கொண்டுபோனது. அதற்கு முன்பெல்லாம் பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் மடிக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சோற்றுப் பார்சல்களை ஒன்றாக அவிழ்ப்பார்கள். நஸ்லியாவின் பொரித்த கருவாடு பொடிமெனிக்கேயின் சோற்றுக்குப் போகும். பொடிமெனிக்கேயின் பிஞ்சுப் பலாக்காய்ப் பொலஸ் கறி ஞானேஸ்வரிக்கு வரும். ஒருநாள் கலாராணியின் பார்சலில் அவித்த மரவள்ளியும் உப்பும் மட்டும் இருந்தன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த வாரம் இன்னொருத்தி திரும்பினாள். ஒருத்தியின் சாப்பாட்டை மற்றவள் பார்க்காமலிருப்பது மரியாதை என்றானது. பிறகு அது பழக்கமானது. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மூலை.

அதற்கு மேல் தலையணை உறை விவகாரம். கழிவுக்கு ஒதுக்கிய இரண்டு கிழிந்த உறைகளைக் கலாராணி மகளுக்குச் சட்டை தைக்கப் பைக்குள் வைத்தாள். வாசலில் இளங்கோ நேராக அவள் பையைத்தான் திறந்தான். மூன்று நாள் சம்பளம் போனது. "ஒங்கள்ல ஒருத்தர்தான் எனக்குச் சொன்னாங்க" என்று அவன் சிரித்தான். அது யார் என்று அவன் சொல்லவேயில்லை. உறைகளைப் பைக்குள் வைத்தபோது பக்கத்தில் நின்றவள் நஸ்லியா. கலாராணிக்கு அது போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம், தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வல நாட்கள். கண்டியில் ஒரு அறைகூடக் காலியில்லை. லொறி ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்தது. உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. அதில் விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். அவசரமாகக் கொடுக்கும்போது துணி பட்டாலும் நிற்கும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை நின்றது. பெரஹரா தொடங்கிய இரண்டாம் நாள் சேதுராமன் வந்து பார்த்துவிட்டு இளங்கோவிடம் ஏதோ சொல்லிப் போனார். இளங்கோ ஒரு துண்டு வயரால் அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டினான்.

"கை போயிருமே தம்பி" என்றாள் ஞானேஸ்வரி.

"கையப் பாத்துக் குடுத்தா எதுக்குப் போகுது?"

நான்காம் நாள் காலை ஒன்பது மணியளவில், மறுபக்கம் வந்துகொண்டிருந்த விரிப்பு சிவப்பாக வந்தது. ஒரு கணம் அதை வைன் கறை என்றே ஞானேஸ்வரி நினைத்தாள். பிறகுதான் அலறல் கேட்டது. சுற்றி ஓடிப்போய் நஸ்லியாவின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். மெஷினை நிறுத்தும் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. பொடிமெனிக்கே ஈரத்தில் சறுக்கி விழுந்து எழுந்து அதை அடித்தாள். கறுப்பையா நீராவியை அடைத்துவிட்டு இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். மேல் உருளையை நெம்பித் தூக்க ஏழெட்டு நிமிடம் பிடித்தது. துணி வெந்த மணமும் தோல் வெந்த மணமும் ஒன்றாக வந்தன.

வலது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. நஸ்லியாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

விபத்து நடந்த மூன்றாம் நாள் சேதுராமன் ஞானேஸ்வரியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு."

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதிரையில் அவளை உட்காரச் சொன்னார். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"நஸ்லியா எனக்கு மக மாதிரி. மருந்துச் செலவ நான் பாத்துக்கிறேன். ஆனா விசாரணை, நட்டஈடுன்னு போச்சுன்னா, ஒரு ஹோட்டல்காரனும் எனக்குத் துணி தரமாட்டான். நான் இத மூடிட்டுக் குண்டசாலையில என் வீட்டுல போய் இருந்துக்குவேன். நீங்க எங்க போவீங்க?"

"நான் என்னங்கய்யா செய்யணும்?"

அவர் ஒரு தாளை முன்னால் வைத்தார். சிங்களத்தில் தட்டச்சு செய்த தாள். கையெழுத்துக்கான கோடுகளில் ஒன்றை மட்டும் விட்டு, மற்றக் கோடுகளைக் கோப்பு ஒன்றால் மறைத்திருந்தார்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்களே."

"காவல் கம்பியத் தூக்கிக் கட்டினது நஸ்லியாதான், இளங்கோ சொல்லியும் அவ கேக்கலன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

"கட்டினது இளங்கோதானுங்களே. நீங்க வந்துட்டுப் போன பொறகுதான…"

"நான் சொன்னத நீ காதால கேட்டியா?"

உருளைச் சத்தத்தில் அவள் கேட்கவில்லைதான்.

"மத்தவங்க எல்லாரும் போட்டாச்சு" என்றார் சேதுராமன், குரலைத் தணித்து. "நீ ஒருத்திதான் மிச்சம். ஒருத்தி மட்டும் போடலன்னா அவள நான் எப்படி நம்பி வேலைக்கு வச்சுக்கிறது? நீயே சொல்லு."

கலாராணி போட்டிருப்பாள், அவளுக்கு நஸ்லியா மேல் கோபம். கறுப்பையா அண்ணனுக்கு இன்னும் பதினொரு மாதத்தில் ஓய்வு, சேமலாப நிதிப் பணம் கைக்கு வரும், அவர் போட்டிருப்பார். பொடிமெனிக்கேயின் மனதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். இப்படி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். புருஷன் செத்து நாலு வருடம். மகள் கிருஷாந்திக்கு உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம். மற்றவர்கள் போட்டிருப்பார்கள் என்று நம்ப அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் பிறகு அவளை வதைத்தது.

கையெழுத்திட்டாள். வெளியே வந்தபோது இளங்கோ கலாராணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞானேஸ்வரிக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் நஸ்லியாவைப் பார்க்கப் போனாள். நஸ்லியாவின் கணவன் ஷப்ராஸ் வாடகைக்கு எடுத்த த்ரீவீல் ஓட்டுகிறவன். அவன் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். வாங்க என்று சொல்லவில்லை.

"உள்ளுக்கு வரச் செல்லுங்க" என்றாள் நஸ்லியா உள்ளேயிருந்து.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து வெள்ளைப் பொட்டலமாக இருந்த கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். இடது கையால் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஞானேஸ்வரி கையெழுத்திட்ட தாளின் பிரதி.

"இளங்கோ கொண்டு வந்து காட்டின. ரெண்டு லட்சம் தாரமாம், பிழை என்ட பக்கம்தான்டு நான் ஒப்பம் வெக்கணுமாம். வெக்காட்டி அதுவும் இல்லையாம். ஒன்ட ஆக்களே ஒனக்கு எதிராத்தான் எழுதித் தந்தீக்காங்கண்டு சென்ன."

ஞானேஸ்வரி தாளைப் பார்த்தாள். நான்கு கையெழுத்துகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கம் போட்டிருந்தது. ஒன்றுக்கு நேரே அவளுடைய பெயர்.

"எல்லாரும் போட்டாச்சு, நீதான் மிச்சம்னு சொன்னாரு புள்ள…"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் சென்னீப்பாங்க."

சுவரில் ஒரு பல்லி ஓடியது. வெளியே ஷப்ராஸ் வண்டியைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"மெஷின்ல கை போகக்குள்ள நீங்க என்ட இடுப்பப் புடிச்சி இழுத்தீங்க" என்றாள் நஸ்லியா. "மயக்கம் தெளிஞ்சதிலீந்து அதத்தான் நெனச்சிக்கிட்டு ஈந்தேன். அதோட சரி, போங்க. எனக்குப் பேச ஏலா."

மறுநாள் பகல் இடைவேளையில், எல்லோரும் தங்கள் தங்கள் மூலைகளில் பார்சலை அவிழ்த்தபோது ஞானேஸ்வரி கூடத்தின் நடுவில் நின்றாள்.

"மொத கையெழுத்து நான்தான் போட்டேன். எல்லாரும் போட்டாச்சுன்னு சொன்னத நம்பிப் போட்டேன். ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

கலாராணி சோற்றுக் கையோடு எழுந்தாள். "ஒம் பேரக் காட்டினாரு. கூட நின்னவளே போட்டுட்டா, ஒனக்கென்னன்னு கேட்டாரு. இப்ப வந்து எங்ககிட்டக் கேள்வி கேக்குறியா?"

கறுப்பையா தலையைத் தூக்கவில்லை. "பதினொரு மாசம்மா. பதினொரு மாசம் போனா நான் யாருக்கும் பயப்படத் தேவையில்ல. அதுவரைக்கும் என்னைய விடு."

பொடிமெனிக்கே இந்தக் கூடத்திலேயே தமிழ் கற்றவள். மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பொய் சொன்னாங்கன்னு சொல்லலாம். நான் வாசிச்சது. எல்லாம் பொய்னு தெரிஞ்சுதான் போட்டது. எனக்கு என்ன சொல்ல இருக்கு?"

"போட்டதத் திருப்பி வாங்குவோம். கண்டியில தொழில் அலுவலகத்துக்குப் போய் உண்மையச் சொல்லுவோம். நாலு பேரும் போனா…"

"நாலு பேரும் போவாங்களா?" என்றாள் கலாராணி. "இதுல ஒருத்தர் இப்பவே போய் அவருகிட்டச் சொல்லிருவாங்க. பாத்துக்கிட்டே இரு."

அவள் சொன்னபடியே நடந்தது. மூன்று மணிக்குச் சேதுராமனின் கார் வந்தது. உருளைச் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் எழும்பவில்லை. இளங்கோ மெஷினை நிறுத்தினான்.

"என்னமோ கூட்டம் போட்டீங்களாமே. யாருக்கு என்ன பிரச்சினைன்னாலும் என் அறைக்கு ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க."

"ஒவ்வொருத்தராக் கூப்பிட்டதாலதான் ஐயா இவ்வளவும் வந்துச்சு" என்றாள் ஞானேஸ்வரி. "எல்லாரும் இங்கயே இருக்கோம். இங்கயே கேளுங்க. அந்த வயரக் கட்டினது யாருன்னு கேளுங்க."

"சரி, கேக்கிறேன்." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நஸ்லியாதானே கட்டினா? இல்லன்னு சொல்றவங்க சொல்லுங்க."

கொதிகலனில் விறகு ஒன்று வெடித்தது. கறுப்பையா அதைப் பார்க்கப் போவதுபோல் திரும்பிக்கொண்டார். கலாராணி ஒரு துவாயை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். பொடிமெனிக்கே ஈரத் தரையைப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றார் சேதுராமன். "நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

தனியாகத்தான் அவள் ஒழுங்கையில் ஏறிப் போனாள். பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் வெந்தவர்களில் ஒருவர்கூட வாசல்வரை வரவில்லை. முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அவர்கள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, தாளில் ஒன்றாம் இலக்கத்துக்கு நேரே இருந்த தன் பெயர்.

கண்டியில் தொழில் அலுவலகத்து அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "நீங்க சொல்றத எழுதறேன். ஆனா அம்மா, மத்த மூணு பேர் கையெழுத்து அந்தப் பக்கம் இருக்கு. வேலையில இருந்து நிப்பாட்டின கோபத்துல சொல்றாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. காயப்பட்டவங்க வரணும். இன்னொரு சாட்சியாவது வரணும். வியாழக்கிழமை வாங்க."

நஸ்லியாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "பாப்பம்" என்ற ஒரு சொல்லோடு அழைப்பு நின்றது. கறுப்பையா தொலைபேசியை எடுக்கவில்லை. பொடிமெனிக்கே எடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். கலாராணியை அவள் அழைக்கவேயில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே ஞானேஸ்வரி அலுவலக நடையிலிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு நஸ்லியாவும் ஷப்ராஸும் வந்தார்கள். வாங்கின் மறு நுனியில் உட்கார்ந்தார்கள். நடுவில் மூன்று பேருக்கு இடமிருந்தது. பத்தரைக்குப் பொடிமெனிக்கே, வேலைக்குப் போவதற்கென்று உடுத்திய பழைய சட்டையோடே வந்து நின்றாள். நஸ்லியாவின் கையைப் பார்த்ததும் அழுதாள். சிங்களத்தில் ஏதோ சொன்னாள். நஸ்லியா அவளை உட்கார் என்று கண்ணால் காட்டினாள்.

பதினொன்றுக்குக் கலாராணி வந்தாள்.

மூன்று பெண்களும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி அனுப்பி வந்திருக்கிறாளா என்பதுதான் மூவரின் மனதிலும் ஓடியது. அது அவளுக்கும் தெரிந்தது. அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு முதலாளிகிட்டச் சொன்னது நான்தான்" என்றாள். "ஞானேஸ்வரி பேசினத. வேற யாராவது போய்ச் சொல்லி, நானும் கூட்டத்துல இருந்தேன்னு என் பேரும் சேந்துருமோன்னு பயத்துல முந்திக்கிட்டேன்."

பைக் காதை முறுக்கிக்கொண்டே நஸ்லியா பக்கம் திரும்பினாள்.

"தலகாணி உற வெசயத்துல நீ சொல்லல நஸ்லியா. யாருமே சொல்லலயாம். உள்ள கெமரா வச்சிருக்காங்க. முந்தாநாள் இளங்கோவே சொல்லிச் சிரிச்சான். ரெண்டு வருசமா ஒங்கூட நான் பேசல."

"எனக்குத் தெரியும், நீங்க பேசல்ல" என்றாள் நஸ்லியா.

"உருளையில இப்ப ரெண்டு புதுப் பொம்பளப் புள்ளைங்க. தோட்டத்துல இருந்து கூட்டிட்டு வந்தது. பத்தொன்பது வயசு இருக்கும். கம்பி இன்னும் கட்டித்தான் இருக்கு. அதே வயரு." கலாராணி தன் விரல்களை மடக்கி விரித்தாள். "நேத்து முழுக்க அதுங்க கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். என்னால மடிக்க முடியல."

பொடிமெனிக்கே நகர்ந்து இடம் விட்டாள்.

உள்ளே நான்கு பேரும் ஒன்றாகவே போனார்கள். அதிகாரி மூன்று மணித்தியாலம் எழுதினார். போட்ட கையெழுத்தை மீளப் பெறுவதாக மூவர் எழுதிக் கொடுத்தார்கள். நஸ்லியா இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். இடது கையால் பேனை பிடிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை.

"தொழிற்சாலைப் பொறியியலாளர் வந்து பாக்கணும். முதலாளிய அழைக்கணும்" என்றார் அதிகாரி. "அடுத்த மாதம் பதினேழாம் திகதி விசாரணை. அன்னைக்கே முடியாது. வருசம்கூட ஆகலாம். உண்மையத்தான் சொல்றேன்."

வெளியே வருவதற்குள் கலாராணியின் தொலைபேசி அடித்தது. இளங்கோ. அவள் கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டாள். "நாளைக்கு வரவேண்டாமாம். மெனிக்கே அக்காவையும் வரவேண்டாம்னு சொல்லச் சொன்னான்."

"தெரியும்" என்றாள் பொடிமெனிக்கே.

ஷப்ராஸ் ஹயர் சவாரிக்குப் போக வேண்டியிருந்ததால் நான்கு பெண்களும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. மூன்று பேருக்கு வேலையில்லை, ஒருத்திக்குக் கையில்லை. மாதக் கடைசியில் என்ன செய்வதென்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் மற்றவளுக்குப் பதில் இருக்காதென்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது.

கெலிஓயா வழியாகப் போகும் கம்பளை பஸ் நிரம்பி வழிந்தது. முன்னால் ஒருவர் நஸ்லியாவுக்கு இடம் கொடுக்க எழுந்தார். நெரிசலில் அவளால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, இடது கையில் மருத்துவக் கோப்பைப் பிடித்தபடி நின்றாள். பேராதனைத் திருப்பத்தில் பஸ் திடீரென்று பிரேக் போட, பிடிக்க எதுவுமில்லாமல் பின்னால் சரிந்தாள். ஞானேஸ்வரியின் தோளில் போய் விழுந்தாள். கலாராணி இந்தப் பக்கமும் பொடிமெனிக்கே அந்தப் பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி அணையாக நின்றார்கள்.

"நாளைக்குக் காலையில அந்தப் புள்ளைங்க வேலைக்கு வர நேரத்துக்கு வாசல் கேட்டுக்கு முன்னால போய் நிக்கப்போறேன்" என்றாள் ஞானேஸ்வரி. "வயர அவுக்காம அந்த மெஷினத் தொடாதீங்கன்னு சொல்லணும். தொரத்தினா ஒழுங்கையில நிப்பேன்."

"நானும் வாரேன்" என்றாள் கலாராணி.

"இன்னைக்கு நீ என்னைய நம்பி வரலதானே புள்ள?" என்று ஞானேஸ்வரி கேட்டாள். கேள்வி நஸ்லியாவுக்கானது.

நஸ்லியா கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தது.

"ஒங்கள நம்புறனாண்டு கேட்டா எனக்கே தெரியா" என்றாள். "ஆனா நானும் வாரேன். நீங்க எவ்வளவு செல்லியும் அந்தப் புள்ளைகளுக்கு வெளங்காது. இந்தக் கட்ட அவுத்துக் காட்டினா வெளங்கும். எத்தின மணிக்கி?"

"அஞ்சு மணிக்கு" என்றாள் பொடிமெனிக்கே, முந்திக்கொண்டு. "கேட் திறக்கிறது கறுப்பையா அண்ணன். அவர் எங்களோட வரமாட்டார். பரவாயில்ல. நாலு பேரும் சேர்ந்து நிக்கிறத அவரும் பாக்கட்டும்."

கெலிஓயாவில் இறங்கும்போது மழை வலுத்திருந்தது. ஒரு குடைதான் இருந்தது. நஸ்லியாவின் கட்டு நனையாதபடி அதை அவள் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு, மற்ற மூவரும் நனைந்துகொண்டே அவள் வீடுவரை நடந்தார்கள்.